தை மாசம் முடியட்டும், அப்புறம் வாரும்

கேள்வி:

அன்புள்ள ஐயா, ஸ்தோத்திரம். எனக்கு 56 வயது. திருநெல்வேலிப் பக்கம் ஓர் உதவி பெறும் பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். கணவர் தவறிவிட்டார். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார்கள். 84 வயது, மூன்று வருஷமாகப் படுக்கை. ராத்திரி அவர்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துதான் குடும்ப ஜெபம். முடிவில் இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம் சொல்வோம். "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்ற இடம் வந்ததும் அவர்கள் குரல் உயரும், என் குரல் இறங்கிவிடும். மகளுக்கு வருகிற தை மாசம் கல்யாணம். "இது முடியட்டும் ஆண்டவரே, அப்புறம் வாரும்" என்றுதான் என் மனசு சொல்கிறது.

போன மாதம் கன்வென்ஷனில் பிரசங்கியார், "இன்றைக்கு ராத்திரி ஆண்டவர் வந்தால் சந்தோஷப்படுகிறவர்கள் கையை உயர்த்துங்கள்" என்றார். சுற்றிலும் எல்லாரும் உயர்த்தினார்கள். எனக்குக் கை எழும்பவில்லை. அன்றிலிருந்து ஒரே கலக்கம். மனசில் இல்லாததை வாயால் சொல்வது பாவமா? அந்த வரியை மட்டும் விட்டுவிடலாமா? அதன் அர்த்தமும் ஆளுக்கு ஒன்றாக இருக்கிறது. கன்வென்ஷன் பிரசங்கியார் அது இயேசு திரும்ப வரும் இரண்டாம் வருகை என்கிறார். எங்கள் சபை ஐயர் (போதகர்) அது இருதயத்தில் நடக்கும் ஆளுகை என்கிறார். சென்னையில் வேலை பார்க்கும் என் மகன், "ராஜ்யம்னா சமூக நீதிம்மா" என்கிறான்.

மாப்பிள்ளை வீட்டார் நல்ல விசுவாசக் குடும்பம், நம்ம ஆட்கள்தான். ஒன்றும் கேட்கவில்லை. "உங்க பிள்ளைக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க" என்று மட்டும் சொன்னார்கள். நகைக்காக லோனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ரிட்டயராக இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது. அந்த அலைச்சலில் ஜெபமும் சரியாக வருவதில்லை. என் மனசில் இருப்பதை மாமியாரிடம் சொல்லலாமா, வருத்தப்படுவார்களா என்பதையும் எழுதுங்கள்.

பதில்:

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு,

கை எழும்பாமல் இருந்ததே நல்லது. பந்தல் முழுக்கக் கைகள் உயரும்போது தன் கையை மடியிலேயே வைத்துக்கொள்வது லேசான காரியம் இல்லை. அன்றைக்குக் கை உயர்த்தினவர்களில் யார் வீட்டில் பால்காய்ப்புக்கு நாள் குறித்திருந்தது, யார் விசாவுக்குக் காத்திருந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? கூட்டத்தில் கையை உயர்த்தச் சொல்லி விசுவாசத்தை எண்ணிப் பார்க்கும் பழக்கமே எனக்குப் பிடிக்காது. அது இருக்கட்டும்.

இந்தத் தவிப்பு உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. கி.பி. 197 வாக்கில், வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவர் ரோம அதிகாரிகளுக்குத் தங்கள் பக்கத்து நியாயத்தை எடுத்து எழுதினார். கிறிஸ்தவர்கள் ராஜ்யத்துக்கு விரோதிகள் அல்ல, நாங்கள் பேரரசருக்காக ஜெபிக்கிறோம், உலகம் அமைதியாக இருக்க ஜெபிக்கிறோம், முடிவு தள்ளிப்போகவும் ஜெபிக்கிறோம் என்றார். அதே மனிதர் சில வருஷங்களுக்குள் பரமண்டல ஜெபத்துக்கு விளக்கம் எழுத உட்கார்ந்தார். ராஜ்யம் வரட்டும் என்று ஜெபித்துக்கொண்டே இந்த உலகம் இன்னும் கொஞ்ச காலம் நீடிக்கட்டும் என்று சிலர் எப்படிக் கேட்கிறார்கள், நாம் சீக்கிரம் ஆளவேண்டுமே தவிர இன்னும் அடிமைகளாக இழுத்துக்கொண்டிருக்கலாமா என்று அங்கே கடிந்துகொள்கிறார். அவர் கடிந்துகொண்ட அந்தச் சிலரில் முன்பு அவரே ஒருவர்! திருச்சபையின் பெரிய வாய்களில் ஒன்று தெர்த்துல்லியன். அவரிடமே இரண்டு ஜெபமும் இருந்திருக்கிறது. உங்கள் வீட்டில் ஒன்று கட்டிலில் இருக்கிறது, இன்னொன்று பக்கத்து நாற்காலியில் இருக்கிறது.

பவுலுக்கும் இதே இழுபறிதான். தேகத்தைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவோடு இருக்க ஆசை, ஆனாலும் உங்களுக்காக நான் இருப்பது அவசியம் என்று சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதுகிறார். இந்த இரண்டினாலும் நான் நெருக்கப்படுகிறேன் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்.

அதனால் முதல் கேள்விக்குப் பதில்: அந்த வரியை விடாதீர்கள். மனசில் இருப்பதை ஆண்டவரிடம் மறைக்கவும் வேண்டாம். "தை மாசம் முடியட்டும்" என்று மனசுக்குள் நினைத்துவிட்டு, கேட்காததுபோல் அடுத்த வரிக்குப் போவதில்தான் கலக்கம் வருகிறது. அதையும் அவரிடமே சொல்லிவிடலாம். கெத்செமனேயில் இயேசு முதலில் "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும்" என்று தம் விருப்பத்தைச் சொன்னார், அப்புறம்தான் "உம்முடைய சித்தத்தின்படி ஆகக்கடவது" என்றார். நமக்குக் கற்றுக்கொடுத்த ஜெபத்தின் வரியைத்தான் அங்கே அவரே ஜெபித்தார். அதற்கு முன்னால் தம் மனசைத் திறந்து காட்டுவதில் அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை.

கன்வென்ஷன்களில் அடிக்கடி வாசிக்கப்படும் மத்தேயு 24ஐ ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். யுத்தங்கள், பஞ்சங்கள், பூமியதிர்ச்சிகள் எல்லாம் வருகிற அதிகாரம் அது. நடுவில் இயேசு திடீரென்று கர்ப்பவதிகளையும் பால் கொடுக்கிறவர்களையும் நினைக்கிறார். உங்கள் ஓடிப்போதல் மழைக்காலத்திலோ ஓய்வுநாளிலோ நடக்காதபடிக்கு வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறார். யூதேயாவில் இருந்தவர்களுக்குச் சொன்னது என்பது சரி. ஆனாலும் கவனியுங்கள்: எந்த நேரத்தில் நடக்கவேண்டும் என்பதைப் பற்றி ஜெபிக்க அவரே இடம் கொடுக்கிறார். மடியில் குழந்தையோடு இருக்கிற பெண்ணின் சிரமம் அந்தப் பெரிய பேச்சுக்கு நடுவிலும் அவருக்குத் தெரிகிறது. கல்யாணத்துக்குப் பெண்ணை வைத்திருக்கும் தாயின் சிரமமும் அவருக்குத் தெரியும்.

அடுத்து அர்த்தம். பிரசங்கியார், சபை ஐயர், உங்கள் மகன் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பதாக உங்களுக்குத் தோன்றுகிறது. விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்றுக்கொடுக்கும் பழைய ஞானோபதேசப் புத்தகங்கள் இதை அப்படிப் பிரிக்கவில்லை. 1529இல் லூத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசத்தை, 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தம் முதல் வேலைகளில் ஒன்றாகத் தமிழுக்குக் கொண்டுவந்தார். லுத்தரன் சபைப் பிள்ளைகள் திடப்படுத்தலுக்கு முன் இன்றைக்கும் அதைப் படிக்கிறார்கள். தேவனுடைய ராஜ்யம் நாம் ஜெபிக்காவிட்டாலும் தானாக வரும், அது நம்மிடத்திலும் வரவேண்டும் என்றுதான் இங்கே கேட்கிறோம் என்கிறது அது. 1563இல் வந்த ஹைடல்பெர்க் ஞானோபதேசம் இன்னும் விரிவாகப் போகிறது. உம்முடைய வார்த்தையாலும் ஆவியாலும் எங்களை ஆண்டருளும் என்று தொடங்கி, சபையைக் காத்து வளர்த்து, பிசாசின் கிரியைகளையும் உமக்கு எதிராக எழும்பும் எல்லா அதிகாரத்தையும் அழித்து, கடைசியில் ராஜ்யம் முழுமையாக வரும்வரைக்கும் நடத்தும் என்று முடிக்கிறது. ஐயர் சொன்ன ஆளுகை, மகன் சொன்ன நீதி, பிரசங்கியார் சொன்ன வருகை எல்லாம் அந்த ஒரே பதிலில் வரிசையாக நிற்கின்றன. யாரும் யாரையும் மறுக்கவில்லை. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விடும்போதுதான் கோளாறு வருகிறது. இருதயத்தோடு நிறுத்தினால் வீட்டு வேலைக்காரிக்குக் கொடுக்கும் சம்பளத்தில் ஒரு மாற்றமும் இராது. சமூக நீதியோடு நிறுத்தினால் செத்தவர்களுக்கு நம்பிக்கை இல்லாமல் போகும். வருகையை மட்டும் பிடித்துக்கொண்டால் நாட்காட்டியைப் பார்க்கத் தொடங்கிவிடுவோம்.

நாட்காட்டி பார்த்தவர்கள் கதை தெரியுமா? அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பவரைப் பின்பற்றினவர்கள் 1844 அக்டோபர் 22ஆம் தேதி ஆண்டவர் வருகிறார் என்று காத்திருந்தார்கள். வயலில் விளைந்ததை அறுக்காமல் விட்டவர்களும் அவர்களில் உண்டு. மறுநாள் பொழுது வழக்கம்போல விடிந்தது. பெரும் ஏமாற்றம் என்றே வரலாற்றில் அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. மாற்கு 13இல் இயேசு சொல்லும் உவமையில் எஜமான் வெளியூர் போகுமுன் அவனவனுக்கு அவனவன் வேலையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். வாசல் காக்கிறவனுடைய வேலை விழித்திருப்பது. மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டு வாசலில் வந்து நிற்கவேண்டும் என்று அதில் இல்லை. தெசலோனிக்கேயில் சிலர் வேலைக்குப் போகாமல் ஊர் சுற்றினபோது, வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல் எழுதவேண்டி வந்தது. நீங்கள் பத்திரிகை அடிக்கக் கொடுப்பதும் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டுவதும் விசுவாசக் குறைவு ஆகாது.

உங்கள் பயத்துக்கு அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ராஜ்யம் வந்தால் உங்கள் மகளின் கல்யாணம் பறிபோய்விடும், எல்லாம் பாதியில் நின்றுவிடும் என்று நினைக்கிறீர்கள். நம் பிரசங்கங்களும் பாட்டுகளும் பல நேரம் அப்படித்தான் பழக்கியிருக்கின்றன: இந்த உலகம் ஒரு சத்திரம், எப்போது கிளம்பலாம் என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு உட்காரவேண்டும். ஆனால் அந்த வரி, எங்களை இங்கிருந்து கூட்டிக்கொண்டுபோம் என்று கேட்கவில்லை. வருவதாக என்று கேட்கிறது. அடுத்த வரியில் பூமியிலேயும் என்கிறது. வேதத்தின் கடைசிப் பக்கங்களில் பரிசுத்த நகரம் மேலிருந்து கீழே இறங்கி வருகிறது, தேவன் மனுஷரிடத்தில் வாசம்பண்ணுகிறார், ஜாதிகளின் மகிமையும் கனமும் அதற்குள்ளே கொண்டுவரப்படுகிறது. ஏசாயா 65இல் அந்த நாளை வர்ணிக்கும்போது "வீடுகளைக் கட்டி, அவைகளில் குடியிருப்பார்கள், திராட்சத்தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைப் புசிப்பார்கள்" என்று வருகிறது. அதாவது ஒருவன் கட்ட இன்னொருவன் பிடுங்கிக்கொள்ளும் நிலைமை முடிவுக்கு வருகிறது. வீடும் தோட்டமும் அப்படியே இருக்கின்றன.

அந்த ராஜ்யத்தைச் சொல்ல இயேசு கல்யாண வீட்டைத்தான் திரும்பத் திரும்ப எடுத்தார். தன் குமாரனுக்குக் கலியாணம் செய்த ராஜா, மணவாளனுக்குக் காத்திருந்த பத்துக் கன்னிகைகள் என்று மத்தேயுவில் மட்டும் இரண்டு உவமைகள். யோவான் சொல்வதுபடி அவருடைய முதல் அற்புதமே கானாவூர்க் கல்யாணத்தில்தான், அதுவும் ரசம் தீர்ந்துபோய்க் கல்யாண வீட்டார் மானம் போகவிருந்த நேரத்தில். கல்யாணங்களைக் கலைப்பதற்காக ஒருவர் வருகிறார் என்ற எண்ணம் உங்களுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, இயேசுவிடமிருந்து வரவில்லை. மகள் வாழ்க்கையில் எது நல்லதோ அதில் ஒன்றும் அவர் வருகையால் வீணாகாது. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, உயிர்த்தெழுதலை நம்புகிற யாரும் இதைத்தான் சொல்லவேண்டும்.

உங்கள் மாமியாரின் ஜெபத்துக்கு வருகிறேன். மூன்று வருஷம் படுத்தே கிடக்கும் ஒருவர் "ராஜ்யம் வருவதாக" என்று சத்தமாகச் சொன்னால் அதில் உடம்பு வலியும் இருக்கும், போய்ச் சேர்ந்தால் போதும் என்ற களைப்பும் இருக்கும். ஆண்டவர் அதை ஏற்றுக்கொள்வார். ஆனாலும் சீக்கிரம் சாகவேண்டும் என்பதும் ராஜ்யம் வரவேண்டும் என்பதும் ஒரே ஜெபம் அல்ல. அவர்களிடம் தாராளமாகச் சொல்லுங்கள். "அத்தை, அந்த வரி எனக்கு வரமாட்டேங்குது, கல்யாணம் முடியட்டும்னு இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். 84 வயதில் இதைக் கேட்டு வருத்தப்படுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. சிரித்துவிட்டு, பேத்தி கல்யாணத்தைப் பார்க்க எனக்கும் ஆசைதான் என்று சொன்னாலும் சொல்வார்கள். அப்படியே, அவர்கள் கல்யாணத்துக்கு எத்தனை பவுன் போட்டார்கள் என்றும் கேளுங்கள். நான் அடுத்துச் சொல்லப்போவதற்கு அந்தப் பேச்சு உதவும்.

சகோதரி, உங்கள் கடிதத்தில் நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிறபோக்கில் எழுதிய இரண்டு வரிகள் என்னைப் பிடித்துக்கொண்டன. "உங்க பிள்ளைக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க" என்பது ஒன்று. "நம்ம ஆட்கள்தான்" என்பது இன்னொன்று.

முதலாவதற்கு நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாரும் வாய்விட்டு எண்ணிக்கை சொல்வதில்லை. மூத்த மருமகள் எத்தனையோடு வந்தாள் என்பது மட்டும் எப்படியோ பேச்சில் வந்துவிடும். பெண் வீட்டார் அதைக் கேட்டுக்கொண்டு வந்து, ராத்திரி பேப்பரில் கூட்டிக் கழித்துப் பார்ப்பார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்கும்போது பெயர்களை மட்டும்தான் வாசிக்கிறோம். பவுன் கணக்கை வாசிப்பதில்லை, ஆனால் உட்கார்ந்திருப்பவர்கள் மனசில் அதுவும் சேர்ந்தே ஓடும். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் அதில் குற்றம். அதனால்தான் நாம் "கேட்கவில்லை" என்ற சொல்லில் இவ்வளவு கவனமாக இருக்கிறோம். பெற்றவள் ஆசைப்பட்டு மகளுக்கு ஒரு சங்கிலி போடுவதை நான் சொல்லவில்லை. நான்கு வருஷத்தில் ரிட்டயராகப் போகிற, கணவர் இல்லாத ஒரு டீச்சர், படுக்கையில் ஒரு மூதாட்டியை வைத்துக்கொண்டு லோன் வாங்கி நகை போடுவது ஆசையால் வருகிறதா, பயத்தால் வருகிறதா? பதிலை நீங்கள் எனக்கு எழுதவேண்டாம்.

தேவனுடைய ராஜ்யம் வரட்டும் என்று கேட்கிறோமே, அது முதலில் வந்து நிற்கும் இடம் இதுதான் என்று நான் நம்புகிறேன். மேகத்தில் வருவது அவருடைய நேரத்தில் நடக்கும். உங்கள் நகைக் கணக்கு எழுதிய பேப்பரின்மேல் அவருடைய ஆளுகை வருவதற்குத் தை மாசம்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பரமண்டல ஜெபம் இருக்கும் அதே ஆறாம் அதிகாரம் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். பூமியில் பொக்கிஷம் சேர்க்காதிருங்கள், தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் சேர்ந்து ஊழியம் செய்ய முடியாது, என்னத்தை உடுப்போம் என்று கவலைப்படாதிருங்கள், முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள். ஜெபத்தில் கேட்ட அதே ராஜ்யம் அதிகாரத்தின் முடிவில் சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஜெபம் சரியாக வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அலைச்சல் ஒரு காரணமாக இருக்கலாம். அந்த வரியும் லோன் விண்ணப்பமும் ஒரே வாயில் நிற்க மறுக்கின்றன என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

"நம்ம ஆட்கள்தான்" என்பதைப் பற்றி நீளமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. நிச்சயமான கல்யாணத்தை இதற்காகக் கலைக்கச் சொல்ல மாட்டேன். மகளும் மாப்பிள்ளையும் மனம் ஒத்திருந்தால் நன்றாக இருக்கட்டும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். நம் ஊர்ச் சபைகளில் அசனம் என்ற பொது விருந்து வைக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். ராத்திரியெல்லாம் அடுப்பு எரியும். சோற்றை வடித்துப் பாயில் மலைபோலக் குவித்திருப்பார்கள். அண்டா அண்டாவாகக் கறிக்குழம்பு. டாக்டரும் பனையேறியும் கோயில் வேலை செய்யும் குட்டியாரும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கும் தூக்குவாளியில் வாங்கிப் போவார்கள். கிழக்கிலும் மேற்கிலும் வடக்கிலும் தெற்கிலும் இருந்து ஜனங்கள் வந்து தேவனுடைய ராஜ்யத்தில் பந்தியிருப்பார்கள் என்று லூக்கா 13இல் இயேசு சொன்னதற்கு, நம் கண்முன் நடக்கும் ஒரு சாயல் அது என்றே சொல்வேன். அப்புறம் கல்யாணம் என்று வந்தால் அதே பந்தி நம்ம ஆட்கள், அவங்க ஆட்கள் என்று பிரிந்துவிடுகிறது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர், தம்மிடம் படிக்கும் பிள்ளைகள் சாதி பார்க்காமல் சேர்ந்து சாப்பிடவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். இருநூறு வருஷம் ஆகியும் நாம் அந்தப் பந்தியோடுதான் நிற்கிறோம், அதைத் தாண்டிப் போகவில்லை. உங்கள் மகள் கல்யாணத்தில் உங்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்கும், உங்கள் மாமியாரைக் குளிப்பாட்ட வரும் ஆள் யாராவது இருந்தால் அவர்களுக்கும் நீங்களே நேரில் போய்ப் பத்திரிகை வைத்து, முதல் பந்தியில் உட்காரச் சொல்லுங்கள். மீதி வந்தால் கொடுத்தனுப்புகிறோம் என்ற பேச்சு வேண்டாம். விருந்துக்கு ஏழைகளை அழை என்று லூக்கா 14இல் விருந்து வைக்கிறவனுக்கு இயேசு சொன்ன புத்திமதியை இந்த அளவுக்காவது செய்யலாம்.

இன்னொரு காரியமும் உண்டு. உங்களுக்கு அந்த வரியில் ஏக்கம் வரவில்லை என்றால், ஏக்கத்தோடு சொல்கிறவர்களுக்காகச் சொல்லுங்கள். அந்த ஜெபம் முழுக்கவே "எங்கள்", "எங்களுக்கு" என்றுதான் போகிறது. ஒருவர் தனக்காக மட்டும் சொல்லும்படி இயேசு அதை அமைக்கவில்லை. 2023 மே மாதம் மணிப்பூரில் வீடும் ஆலயமும் எரிந்து முகாம்களுக்குப் போனவர்கள் இந்த வரியை எப்படிச் சொல்லியிருப்பார்கள்? கொண்டுவந்த நகை போதாது என்று பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பெண் எப்படிச் சொல்வாள்? அவர்களுக்கு இன்னும் ஒரு நாள்கூடத் தாமதம் வேண்டாம். நமக்குச் சௌகரியமாக இருப்பதால் நம் குரல் இறங்குகிறது, அவர்களுக்கு இறங்காது. தாமதம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்குப் பேதுரு சொல்லும் பதில், ஒருவரும் கெட்டுப்போகாமல் எல்லாரும் மனந்திரும்ப வேண்டும் என்று ஆண்டவர் பொறுத்திருக்கிறார் என்பதுதான். அந்தப் பொறுமை நாம் கல்யாணங்களை முடித்துக்கொள்வதற்கான அவகாசம் மட்டும் என்று எடுத்துக்கொண்டால், அந்தப் பெண்ணின் முகத்தை நாம் எப்படிப் பார்ப்பது?

இன்றைக்கு ராத்திரி எப்படிச் சொல்வது என்று கேட்டால், நான் இப்படிச் சொல்வேன். அந்த வரி வந்ததும் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். "ஆண்டவரே, உம்முடைய ராஜ்யம் வரட்டும். எனக்கு இதைச் சொல்லப் பயமாக இருக்கிறது, என் பிள்ளை கல்யாணத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. அந்தக் கல்யாணத்துக்குள்ளேயும் உம்முடைய ராஜ்யம் வரட்டும், நகைக் காரியத்திலும் வரட்டும், என் பயத்தை நீரே எடுத்துப்போடும்." இவ்வளவு போதும். அப்புறம் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று வரும்போது மண்டபத்தையும் பந்தியையும் மழை வராமல் இருப்பதையும் தாராளமாகக் கேளுங்கள். அதற்கென்றே ஜெபத்தில் இடம் விட்டிருக்கிறார். அவிசுவாசம் நீங்க உதவி செய்யும் என்று கண்ணீரோடு கத்தின தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை, அவன் பிள்ளையைச் சுகமாக்கித்தான் அனுப்பினார்.

இனி நடைமுறைக்கு. முதலில் மகளோடு உட்கார்ந்து பேசுங்கள், உறவுக்காரர்களைக் கூட்டாமல் நீங்கள் இருவர் மட்டும். லோன் விவரத்தை ஒளிக்காமல் காட்டுங்கள். மாதம் எவ்வளவு பிடிப்பார்கள், ரிட்டயரான பிறகு மீதி எவ்வளவு நிற்கும் என்பது அவளுக்குத் தெரியவேண்டும். எத்தனை போட்டால் போதும் என்று அவளே சொல்லட்டும். பிள்ளைகள் பல நேரம் நம்மைவிடத் தைரியமாக இருப்பார்கள். அவள் சம்மதித்தால் மாப்பிள்ளையிடமும் அவளே பேசலாம். மாப்பிள்ளை வீட்டுக்கு நீங்கள் தனியாகப் போகவேண்டாம், உங்கள் மகன் சென்னையிலிருந்து வரட்டும். சமூக நீதி பேசுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. சபை ஐயரையும் கூட்டிக்கொள்ளுங்கள். "லோன் இல்லாமல் எங்களால் முடிந்தது இவ்வளவு" என்று எண்ணிக்கையை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நல்ல விசுவாசக் குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள், அது உண்மையானால் அவர்களுக்கும் ஒரு பாரம் இறங்கும். முகம் சுருங்கினால், அதையும் கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரிந்துகொள்வது உங்கள் மகளுக்கு நல்லது.

இதையெல்லாம் ஓலைக்குக் கொடுப்பதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். கோயிலில் ஒருமுறை வாசித்தபிறகு இந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் வாய் வராது. லோனுக்கு எழுதிக் கொடுத்ததாக மட்டும்தான் சொல்லியிருக்கிறீர்கள். பணம் இன்னும் கைக்கு வரவில்லை என்றால், திங்கட்கிழமை காலையில் போய் அந்த விண்ணப்பத்தை இப்போதைக்கு நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.